முதற் பானைக்கு எத்தனை நாள்

எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசு பற்றி ஒரு சந்தேகம் வந்தால் யாரும் மன்னாருக்கு வங்கி தேடி ஓடுவதில்லை. சரவணமுத்தர் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். ஆளுக்கு எழுபதை எட்டுகிற வயது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடத்தில் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது, அதற்கு அங்கால் உவர் நிலமும் கடலும்தான். அந்தக் கடலைத் தாண்டி அவர் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆனால் பதினொரு நாட்டுச் சில்லறைக் காசுக்கு அந்தந்த ஊர்ச் சனம் என்ன பெயர் சொல்லும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

நான் கீர்த்தனன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். இருபது வருசமாகச் சரவணமுத்தர் பேசுகிற மைக்குக்கு வயர் இழுத்தவன் என்ற உரிமையில் அவரைப் பற்றிச் சொல்லுகிறேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலேயே சொல்லுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளந்தாரி வயதில் அவர் தலைமன்னார் இறங்குதுறையில் பெட்டி தூக்கினவர். அப்போது இந்தியக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ராமேஸ்வரத்தில் ஏறின சனம் தலைமன்னாரில் இறங்கி ரயிலைப் பிடிக்கும். கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவில் இருந்தது இவருடைய தோள். தலைமயிர் வளர்த்த வெள்ளைக்காரப் பெடியன்களும் வெறுங்காலோடு பெட்டைகளும் கூட்டமாக வருவார்களாம். ஒருநாள் ஒரு ஜெர்மன்காரப் பெண் இவருடைய உள்ளங்கை நிறையக் குத்திக் காசு கொட்டிவிட்டுப் போனாள். இவர் தன்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துக்கொண்டு சுங்கக் கந்தோர் கிளாக்கரிடம் காட்டினார். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பிளேன்ரீ குடிக்கக் காணாது என்று அந்தாள் சொல்லிவிட்டார். வேறு ஆள் என்றால் அந்தப் பெட்டையைத் திட்டியிருப்பான். இவர் கேட்டது, இந்தச் சின்னக் காசுக்கு அவர்களுடைய நாட்டில் என்ன பெயர் என்று. பெனிங் என்று கிளாக்கர் சொன்னார். அது முதலாவது பெயர்.

அதற்குப் பிறகு பெட்டியில் கை வைக்கமுதல் கையாலும் காலாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுவாராம். பெரிய காசின் பெயரை எல்லோரும்தான் சொல்லுவார்கள், சின்னக் காசின் பெயர் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது என்பது அவருடைய கட்சி. பிரெஞ்சுக்காரனிடம் சாந்தீம் என்றும் நோர்வேக்காரனிடம் ஊரே என்றும் பெயர்கள் இப்படிச் சேர்ந்துகொண்டே போனது. பிறகு சண்டை வந்தது, கப்பல் நின்றது, ரயிலும் நின்றது. சேர்த்துவைத்த பெயர்கள் மட்டும் மிச்சம்.

தொண்ணூறில் வள்ளத்தில் ராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் ஏழு வருசம் இருந்தார்கள். அங்கே சந்தையில் எங்களூர்ப் பேச்சில் சதம் என்றால் சிரிப்பார்களாம், பைசா என்று சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மாதம் அவருடைய வாயில் பைசாதான் வந்தது. எங்கள் கடைக்காரன் அவரை இந்தியாக்காரர் என்று பகிடி பண்ணினான். ஒரே மகன் துஷாந்தன் அந்த முகாமில் பிறந்தவன். இருபது வயதில் சுவிசுக்குப் போனான். தாய் பரமேஸ்வரி காலமான நேரத்தில் விசாக் கடதாசி சரிவராமல் செத்தவீட்டுக்கும் அவனால் வர முடியவில்லை. போனில்தான் அழுதான். அந்தப் போனையும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளிநாட்டில் இருந்து யார் கதைத்தாலும் சரவணமுத்தருக்கு அந்தப் பழைய கேள்விதான். லண்டனில் இருக்கிற வேணுஜா ஐந்து பவுண்ஸ் தாளைப் பைவர் என்பாள், பத்தை டெனர் என்பாள். கனடாப் பிரணவன் ஒரு டொலர்க் குத்தியை லூனி என்று சொன்னான். அதில் ஒரு நீர்ப்பறவையின் படமாம், அந்தப் பறவையின் பெயரே காசுக்கும் ஆகிவிட்டதாம். அதைக் கேட்டு இவருக்கு வந்த சந்தோசப் புழுகத்தைப் பார்க்க வேண்டும். தெருவெல்லாம் கழுதை திரிகிற எங்களுடைய மன்னாரில் காசு அடித்தால் கழுதையின் பெயரைத்தான் வைப்பார்கள் என்று நான் சொன்னேன். மனிசன் சிரிக்கவில்லை. துஷாந்தன் பிராங் என்று சொல்லுவதைக் காட்டிலும் ஸ்டுட்ஸ் என்று சொல்லுவதுதான் கூட, அங்கே பெடியன்கள் அப்படித்தானாம். சின்னக் காசு ராப்பன். மகனிடம் இருந்து வந்த பெயர் என்பதால் ராப்பனை மட்டும் இவர் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவார்.

நெல் வாங்க வருகிற கொண்டச்சி ஊர் ஆதம்பாவா நானா குவைத்திலும் ஜோர்தானிலும் பதினாறு வருசம் வாகனம் ஓடினவர். நாங்கள் காசு என்பதை அவர் சல்லி என்பார். குவைத்தில் ஒரு தினாருக்கு ஆயிரம் பில்ஸ், ஜோர்தானில் கடதாசியில் தினார் என்றாலும் சனத்தின் வாயில் லீரா, அங்கே ஐந்து கிர்ஷ் குத்திக்கு இன்னும் ஷிலின் என்றுதான் பெயர் என்று அவர் எடுத்து விடுவார். வெள்ளைக்காரன் தன்னுடைய நாட்டிலேயே கைவிட்ட ஷிலிங் அரபிக்காரனின் வாயில் இருக்கிறதே என்று சரவணமுத்தர் ஆச்சரியப்படுவார். எங்களுடைய சதமும் அப்படித்தானே, கையில் இல்லை, ஒரு சதம் தரமாட்டேன் என்று சண்டை பிடிக்க மட்டும் வைத்திருக்கிறோம் என்று நானா சொல்லுவார். வரம்பில் குந்தி இருந்து இரண்டு பேரும் இதையே மணிக்கணக்காகக் கதைப்பார்கள். நெல் விலை பேச வந்தவர்கள் அதை மட்டும் பேசமாட்டார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு மண்டை காயும்.

இவ்வளவு கேட்கிற மனிசன் ஒன்றை மட்டும் கேட்கமாட்டார். அந்தக் காசு எப்படி உழைத்தது என்று. இதை அவருடைய குறை என்று மட்டும் சொல்லக்கூடாது, எங்கள் ஊருக்கே உள்ள குறை. வெளிநாட்டுப் பிள்ளையிடம் சுகமோ, குளிரோ என்று கேட்போம். என்ன வேலை என்று கேட்கமாட்டோம். கேட்டால் அவர்கள் சொல்ல வேண்டி வரும், சொன்னால் வாங்குகிற கை கூசும்.

அதைப்போலக் காசைப் பற்றி இன்னொரு பேச்சும் எங்கள் ஊரில் இருந்தது. கூலிக்குப் போகிற பெண்கள் விலையை ரூபாவில் சொல்லுவதில்லை, நாளில் சொல்லுவார்கள். பிள்ளைக்குச் சப்பாத்து மூன்று நாள், ஒரு மூடை அரிசி எட்டு நாள், மன்னாருக்குப் போய் டொக்டரைக் காட்டிவிட்டு வர இரண்டு நாள். சரவணமுத்தர் இதை ஆயிரம் தரம் கேட்டிருப்பார். காசுக்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

இனி ஏலத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று எங்கள் பிள்ளையார் கோயிலில் புதிர்ப் பொங்கல். புதிதாக அறுத்த நெல்லின் அரிசியில் வரிசையாகப் பொங்கல் பானைகள் ஏறும். நடு அடுப்பில் ஏறுகிற முதற் பானை யாருடையது என்பதை ஏலம் கூறித்தான் தீர்மானிப்போம், வருகிற காசு கோயிலுக்கு. கூறுகிறவர் சரவணமுத்தர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் கேட்பார்கள். போன்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, கதைக்கிற ஆளின் போனை நான் மைக்குக்குக் கிட்டப் பிடிப்பேன். அவர்களுடைய குரல் ஊர் முழுக்கக் கேட்கும். அவர்களுக்கும் அதுதானே ஆசை. இடையில் ஸ்பீக்கர் கீச்சிட்டால் திட்டு எனக்கு.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டுப் புதிரில் அந்த முதற் பானை கட்டாயம் வேண்டும் என்று ஒருத்தி இருந்தாள். சிவலட்சுமி. புருசன் இல்லை. களை பிடுங்க, மிளகாய் ஆய என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவள். மகள் தக்சிகாவுக்கு டெங்கு வந்து மன்னார் ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தபோது, பிள்ளை எழும்பினால் முதற் பானை வைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டாள். பிள்ளை எழும்பிவிட்டது. ஆனால் அடுத்த இரண்டு புதிரிலும் ஏலம் வெளிநாட்டுப் போனுக்குப் போய்விட்டது. நேர்த்திக்கடனை மூன்றாம் புதிருக்கு மேலே கடத்தக்கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு. அது போதாதென்று அந்த மார்கழியில் தக்சிகாவுக்குத் திரும்பவும் காய்ச்சல். இரண்டு நாளில் விட்டுவிட்டது, ஆனால் தாய்க்கு விடவில்லை. எனக்கு நேர்த்தி கீர்த்தியில் பெரிய பிடிப்புக் கிடையாது. ஆனாலும் அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு அந்த நியாயமெல்லாம் வாயில் வராது. அந்த மனுசி பயந்து போயிருந்தாள். கோயில் தலைவரிடம் போய்க் கெஞ்சியும் பார்த்தாள். கோயில் கூரை ஓடு மாற்றக் காசு வேண்டும், ஏலம் என்றால் ஏலம்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஏலத்துக்கு முதல் நாள் பின்னேரம் நான் கோயில் வாசலில் வயர் இழுத்துக்கொண்டு நிற்க, அவள் சரவணமுத்தரிடம் வந்தாள். ஒரு வருசமாகச் சேர்த்தது நாற்பத்தையாயிரம் இருக்கிறதாம், இந்த முறை கிடைக்குமா என்று கேட்டாள். அவரால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டுப் பார் பிள்ளை என்றார். அவள் போய்ப் பத்து நிமிடம் இராது, சுவிசில் இருந்து துஷாந்தன் போன் எடுத்தான். இதுவரையும் ஏலத்துப் பக்கமே வராதவன், இந்த முறை தானும் கேட்கப்போவதாகவும் தாயின் பேரில் பானை வைக்க வேண்டும் என்றும் சொன்னான். மனிசனுடைய முகத்தில் சந்தோசத்தையும் சங்கடத்தையும் நான் ஒன்றாகப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு அவர் சிவலட்சுமி போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முந்தின வருசம் இருநூற்றிருபது ரூபாவாக இருந்த சுவிஸ் பிராங் அந்தத் தைப்பூசத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. எங்களுடைய ரூபா அப்படி விழுந்து கிடந்த காலம் அது. வெளிநாட்டில் இருக்கிறவன் ஒரு காசும் கூட்டாமலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிய ஆளாகிவிட்டான். இங்கே களை பிடுங்குகிறவள் என்ன செய்தாலும் சின்னனாகிக்கொண்டு போனாள். யாரைக் குறை சொல்லுவது என்று தெரியாமல் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஏலம் இருபதாயிரத்தில் தொடங்கியது. சிவலட்சுமி தக்சிகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நின்று கேட்டாள். கடைக்காரர் இருபத்தைந்து, அவள் முப்பது, அவர் நாற்பது, அவள் நாற்பத்தைந்து. கடைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிசன். அதற்குள் போன்கள் தொடங்கிவிட்டன. வேணுஜா முந்நூற்றுப் பத்துப் பவுண்ஸ் என்றாள், பிரணவன் ஐந்நூறு டொலர் என்றான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரம். எது கூட என்று சண்டை. வங்கி விலையா, வெளியில் காசு மாற்றுகிற உண்டியல்காரன் விலையா, இன்றைய விலையா நேற்றைய விலையா என்று இரண்டு பேரும் என்னுடைய ஸ்பீக்கரில் நின்று கதைத்தார்கள். சனம் அடுப்புக்கு விறகு அடுக்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

அப்போது மூன்றாவது போனில் துஷாந்தன் ஆயிரம் பிராங் என்றான்.

ஆயிரம் பிராங் என்றால் நாலு இலட்சத்துக்குக் கிட்ட. தலைவரின் முகம் மலர்ந்தது, கோயில் ஓடு முழுவதும் அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ஊர் முழுவதும் சரவணமுத்தரைப் பார்த்தது. அவர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, சரியாகக் கூறினார்.

"ஆயிரம் பிராங், ஒருதரம்."

இரண்டாம் தரம் சொல்லுவதற்கு வாயைத் திறக்கவும் சிவலட்சுமி மேசையடிக்கு வந்துவிட்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பில் இருந்த காசு முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே மேசையில் வைத்தாள். "மாமா, என்னட்ட முப்பது நாள் இருக்கு. அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை" என்றாள்.

ஆணுக்கு ஒரு நாள் கூலி இரண்டாயிரத்தைந்நூறு, பெண்ணுக்கு ஆயிரத்தைந்நூறு. நாற்பத்தையாயிரம் முப்பது நாள்தான், அவளுடைய கணக்கில் பிழை இல்லை. சரவணமுத்தர் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். புதுநாட்டுக் காசு ஒன்றைக் கையில் வைத்துவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ அந்தப் பார்வை. பிறகு மைக்கை எடுத்தார்.

"நாட்டுக்கு நாடு காசுக்குப் பேர் வேற. நாள் எல்லா நாட்டிலயும் நாள்தான். போனில கேட்ட ஆக்கள், நீங்கள் கேட்ட காசு எத்தினை நாள் வேலையெண்டு சொல்லுங்கோ. கூடின நாள் சொல்லுற ஆளுக்குப் பானை."

தலைவர் கதிரையை விட்டு எழும்பினார். இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டார். ஏலம் கூறுகிறது நான், அடுத்த வருசம் வேறு ஆளைப் பிடியுங்கள் என்று சரவணமுத்தர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அந்த நேரம் அவருடைய மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், பிறகு அவரே சொன்னார். மகன் சுவிசில் நல்ல ஹோட்டலில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான், ஆயிரம் பிராங் அவனுக்கு ஐந்தாறு நாள் உழைப்பு. அவன் ஆறு நாள் என்று சொல்லுவான், சிவலட்சுமியின் முப்பது நாள் வெல்லும், மகனுக்கும் ஒரு குறைவு வராது. எல்லோரையும் நோகாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் கேட்டார். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வியை ஊர் முழுக்கக் கேட்கிற மைக்கில் கேட்டுவிட்டோம் என்பது அவருக்கும் உறைக்கவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

முதலில் வேணுஜா கதைத்தாள். வயதுபோன ஆட்களைப் பராமரிக்கிற இடத்தில் இரவு வேலை செய்கிறாளாம், தூக்கிக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிற வேலை. முந்நூற்றுப் பத்துப் பவுண்ஸ் மூன்றரை இரவு என்றாள். மகள் கந்தோரில் வேலை என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிந்த அவளுடைய தாய் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்தாள். கொஞ்ச நேரத்தால் அவளே நிமிர்ந்து நின்றாள். பானை சிவலட்சுமி அக்காவுக்கே போகட்டும் என்று வேணுஜா சொன்னாள். பிறகு அந்த மூன்றரை இரவின் காசையும் கோயிலுக்கு அனுப்பிவைத்தாள், அவளைப் பற்றி இனி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பிரணவன் லொறி ஓடுகிறவன், தன்னுடையது இரண்டரை நாள் என்று சொல்லி, முப்பது நாளுக்கு முன்னால் வாயைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது என்று சிரித்தான்.

மூன்றாவது போனை நான் மைக்கில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, போனில் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. துஷாந்தன், கேட்கிறதா, எத்தனை நாள் என்று சரவணமுத்தர் மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"நாள் இல்லை அப்பா" என்றான்.

பிறகு நிறுத்த முடியாதவன் போலச் சொல்லிக்கொண்டே போனான். "ஐப்பசியில இருந்து வேலை இல்லை. ஹோட்டலைப் பூட்டிப்போட்டாங்கள். கையில இருக்கிறது இந்த ஆயிரம்தான். அம்மாவின்ர பேரை அந்த ஸ்பீக்கரில ஒருக்காக் கேப்பம் எண்டு நினைச்சன்."

நான் போனை இழுத்திருக்க வேண்டும். ஒரு விரல் அசைத்தால் போதும், மைக்கை மூடியிருக்கலாம். என் கை போகவில்லை. இருபது வருசமாக வயர் பிடித்த கை, தேவையான இடத்தில் மரத்துப் போய்விட்டது. அந்தப் பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் ஊர் கேட்டது, நாலு பக்கம் கட்டின ஸ்பீக்கரும் அதைக் கொண்டுபோய் வயல்வெளி முழுக்கக் கொட்டியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

சரவணமுத்தர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. ஏலம் கூறுகிறவர் ஏலத்தை முடிக்க வேண்டும், அதை அவர் முடித்தார்.

"சிவலட்சுமி, முப்பது நாள். ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கை வந்தது. போனை மைக்கில் இருந்து எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, லைனை வெட்டாமல், சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர்ப் பெட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினேன். தலைவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார்.

சிவலட்சுமி நடு அடுப்பில் பானையை ஏற்றினாள். தக்சிகா ஓலையால் விசிறி நெருப்பு மூட்டினாள். பால் பொங்குகிற நேரத்தில் யாருடைய பேரில் பானை என்று மைக்கில் சொல்லுவது வழக்கம், சொல்லுகிறவரோ கதிரையில் இருந்தார். சிவலட்சுமி கரிக் கையோடு என்னிடம் வந்தாள். "அண்ணை, பரமேஸ்வரி மாமியின்ர பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. துஷாந்தன் இன்னும் போன் வைக்கேல்லைத்தானே?" என்றாள்.

மைக்கைக் கட்டித்தான் எனக்குப் பழக்கம், பேசிப் பழக்கமில்லை. என்றாலும் சொன்னேன். முதற் பானை தக்சிகாவின் பேரில், பரமேஸ்வரியின் பேரில் என்று இரண்டு தரம் சொன்னேன். நாலு ஸ்பீக்கரிலும் அந்தப் பெயர் போனது. பெட்டிக்குப் பின்னால் சரவணமுத்தர் போனை உயரப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நான் திரும்பி வந்தபோது போனின் அந்தப் பக்கத்தில் மகன் அழுது முடித்திருந்தான். இவர் அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவலட்சுமியும் வந்து நின்றாள். இனிச் சொல்லுகிற பேச்சைக் கேட்டது நாங்கள் இரண்டு பேரும்தான்.

"இஞ்ச வா" என்றார் சரவணமுத்தர்.

வந்து என்ன செய்வது என்று அவன் கேட்டான்.

"வேலை இருக்கு. களை பிடுங்கவும் வரம்பு கட்டவும் ஆள் கிடைக்காம நிக்கிறம். ஆம்பிளைக்கு நாளுக்கு ரெண்டாயிரத்தைஞ்ஞூறு."

துஷாந்தன் மூக்கை உறிஞ்சினான். அந்த அழுகைக்குள் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "அது எத்தினை பிராங் அப்பா?"

பெனிங்கும் பைசாவும் பில்சும் நித்திரையிலும் சொல்லுகிற மனிசன், அன்று விடிய ரேடியோவில் விலை கேட்டுவிட்டு வந்த மனிசன், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சிவலட்சுமியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது. நீ வா" என்றார்.

ஆறு பிராங்கும் முப்பது ராப்பனும். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியும்.